பள்ளமும் சாலையும்

கொங்குநாட்டில் 'பள்ளம்' என்பது சிற்றோடையின் பெயர். மழைக்காலத்தில் மட்டும் நீர் புரண்டு, மற்ற மாதங்களில் மணலும் முள்மரமுமாகக் கிடக்கும் தாழ்ந்த நீர்வழியையே அப்பகுதி மக்கள் பள்ளம் என்கின்றனர். திருப்பூர் நகருக்குள் ஓடி நொய்யலில் சேரும் சங்கிலிப்பள்ளம் அவ்வழக்கில் பெயர் பெற்றது. சாலையைப் பற்றிய பேச்சிலோ, பள்ளம் என்றால் தார் பெயர்ந்து குழிந்த இடம். தாழ்ந்த இடம் என்னும் ஒரே வேர்ப்பொருளிலிருந்து கிளைத்த இவ்விரு வழக்கும் சாலைப் பொறியியலின் பார்வையில் காரணமும் விளைவுமாகப் பிணைந்தவை: நிலத்தில் ஓடிய பள்ளத்தின் வழி அடைபடும் இடத்திலேதான் சாலையில் பள்ளம் மிகுதியாகத் தோன்றுகிறது.

இப்பிணைப்பை ஆராய்வதற்கு நெருப்பெரிச்சல் ஏற்ற ஊர். திருப்பூருக்கு வடக்கே, பெருமாநல்லூர்ச் சாலைக்குக் கிழக்கில், நொய்யலை நோக்கிச் சரியும் நிலப்பரப்பில் அமைந்த இவ்வூர் நெடுங்காலம் காடும் தோட்டமுமாக, அதாவது கொங்கு வழக்கில் மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசன நிலமுமாக இருந்து, பின்னலாடைத் தொழில் நகரெல்லையைத் தாண்டிப் பரவியபோது பனியன் கம்பெனிகளும் குடியிருப்புகளும் நிறைந்த புறநகராயிற்று; 2008இல் மாநகராட்சியாக உயர்ந்த திருப்பூரோடு 2011இல் இணைக்கப்பட்ட ஊராட்சிகளுள் இதுவும் ஒன்று. வேளாண்மையே தொழிலாக இருந்த காலத்தில் இத்தகைய ஊர்களின் போக்குவரத்து இட்டேரிகளில் நடந்தது. இருபுறமும் கிளுவை முள்வேலி அடர்ந்திருக்க, நடுவே ஒரு மாட்டுவண்டி செல்லும் அகலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் வளைந்து செல்லும் தடமே இட்டேரி. பல தலைமுறைகளாக வண்டிச் சக்கரமும் மழைநீரும் மாறிமாறி அரித்ததால் அது இருபுற நிலத்தைவிடத் தாழ்ந்து கிடப்பது வழக்கம். மழை நாளில் அதுவே நீர்வழியாகவும் பயன்பட்டது. வண்டித்தடமாக இருந்தவரை இதனால் பெருங்கேடு நேரவில்லை, ஏனெனில் மழை நின்று இரண்டு மூன்று நாளில் தடம் காய்ந்துவிடும், அதுவரை வண்டியும் பொறுத்திருக்கும். கொங்கு ஊர்களின் இன்றைய தார்ச்சாலைகள் பல இத்தகைய இட்டேரிகளின் மேலேயே போடப்பட்டவை என்பதால், நீர் தானாக நாடிவரும் கோட்டிலேயே சாலையும் அமைந்துவிடுகிறது. பொறுத்திருக்கும் வழக்கமோ மாட்டுவண்டியோடு போய்விட்டது.

சாலையைத் தாங்குவது தார் என்பது பரவலான எண்ணம். உண்மையில் எடை முழுவதையும் இறுதியில் ஏற்பது அடியிலுள்ள மண்தான். அதன் மேலுள்ள அடுக்குகள் அனைத்தும் எடையைப் பரப்பிக் கொடுக்கவும் மண்ணை ஈரத்திலிருந்து காக்கவும் அமைந்தவை. இக்கருத்தைத் தெளிவாக நிலைநாட்டியவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லௌடன் மக்காடம் (1756–1836). அவர் காலத்துப் பொறியாளர்கள் சாலைக்குப் பெருங்கற்களால் அடித்தளம் இட வேண்டும் என்று கருதியபோது, இயற்கை மண்ணே போதிய வலிமையுடையது, அது காய்ந்திருக்கும் வரையில் எந்த எடையையும் தாங்கும், ஆகவே சாலையைச் சுற்றுநிலத்தைவிட உயர்த்தி, நீரை வெளியேற்றி, மேலே சிறு கற்களை இறுகப் பரப்பினால் போதும் என்று அவர் வாதிட்டார். ஒவ்வொரு கல்லும் ஆறு அவுன்சுக்கு, அதாவது ஏறத்தாழ 170 கிராமுக்கு மேற்படலாகாது என்பது அவர் வகுத்த விதி. கூர்முனையுள்ள சிறு கற்கள் சக்கரத்தின் அழுத்தத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பூட்டிய கூரைபோல் ஆகும் என்பதே அதன் காரணம். இன்றும் ஒப்பந்ததாரர்கள் 'வெட் மிக்ஸ் மெக்கடம்' என்று சொல்லும்போது அவர் பெயரையே உச்சரிக்கின்றனர்.

மண்ணின் தாங்குதிறனை அளக்க உலகெங்கும் கையாளப்படும் முறை, கலிபோர்னியா மாநில நெடுஞ்சாலைத் துறையில் 1920களின் இறுதியில் உருவான சி.பி.ஆர். (கலிபோர்னியா தாங்குதிறன் விகிதம்) சோதனை. ஓர் உருளைப் பாத்திரத்தில் மண்ணை இடித்து நிரப்பி, 50 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டை நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில் அதற்குள் அழுத்தி, 2.5 மி.மீ. ஆழம் இறங்கத் தேவைப்படும் விசையைக் கணக்கிடுகின்றனர். நொறுக்கிய கருங்கல்லில் அதே ஆழம் இறங்கத் தேவைப்படும் விசையில் இது எத்தனை விழுக்காடோ அதுவே அம்மண்ணின் சி.பி.ஆர். மதிப்பு. இச்சோதனையின் மிக முக்கியமான கூறு, அழுத்துவதற்கு முன் மண்ணை 4 நாள் நீரில் ஊறவைப்பது. காய்ந்த மண்ணின் வலிமையை நம்பிச் சாலை போட்டால் ஐப்பசி மழையில் ஏமாற நேரும் என்பதை அறிந்தே, மண் தன் மிக மோசமான நிலையில் எவ்வளவு தாங்கும் என்று இச்சோதனையை வகுத்தவர்கள் கேட்டனர். திருப்பூர் வட்டாரத்தில் செம்மண்ணும் சுக்கான்கல் கலந்த நிலமும் மிகுதி. இவை நன்றாக இறுகும், நீரையும் ஓரளவு வடிக்கும். தெற்கே பல்லடம், உடுமலைப் பக்கம் தோன்றும் கரிசலோ ஈரம்பட்டால் உப்பிப் பெருத்து, காய்ந்தால் வெடிக்கும் இயல்புடையது. ஊறிய கரிசலின் சி.பி.ஆர். மதிப்பு 2 அல்லது 3 விழுக்காடுதான் இருக்கும். மண் இளகியதாக இருக்கும் இடத்தில் அதன் மேல் போடும் கல்லடுக்கின் தடிமனைக் கூட்ட வேண்டும். சாலைச் செலவின் பெரும்பகுதி இந்த ஓர் எண்ணைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது.

மண்ணை இறுக்குவதிலும் நீருக்கே முதலிடம். முற்றிலும் காய்ந்த மண் ரோலரின் அடியில் இறுகாது, சேறான மண்ணும் இறுகாது. இரண்டுக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட ஈரத்தில் மண்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நெருக்கமாக அமர்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பொறியாளர் ரால்ஃப் புரோக்டர் 1933இல் இந்த உகந்த ஈரப்பதத்தைச் சோதனையால் காட்டினார். புட்டுக்கு மாவு பிசிறுகிறவர்கள் கையால் பிடித்துப் பார்த்து அறியும் பதம் போன்றதுதான் இது: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும்.

இறுகிய மண்ணின் மேல், பல அளவுக் கற்களும் மணலும் கலந்த துணை அடுக்கு 150 முதல் 200 மி.மீ. கனத்தில் வருகிறது. இதற்கு இரண்டு கடமைகள் உண்டு: எடையைப் பரப்புவது ஒன்று, மேலிருந்து கசிந்ததும் கீழிருந்து ஏறியதுமான நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுவது மற்றொன்று. இரண்டாம் கடமை நிறைவேற, இவ்வடுக்கு சாலையின் ஓரம் வரை நீண்டு வடிகாலை எட்டியிருக்க வேண்டும்; கிரஷர் தூசும் மண்ணும் மிகுந்த கலவையை மலிவு கருதிப் பயன்படுத்தினால் துளைகள் அடைபட்டு, வடிக்க வேண்டிய அடுக்கே நீரைப் பிடித்துவைக்கும் பஞ்சாகிவிடும். அதன் மேல், ஆலையில் நீரோடு கலந்து கொண்டுவரும் வெட் மிக்ஸ் ஜல்லி சுமார் 250 மி.மீ. கனத்தில் பரப்பி இறுக்கப்படுகிறது. கடைசியாகவே தார் அடுக்குகள். ஊர்ச்சாலையில் அவற்றின் கனம் 20, 30 மி.மீ. அளவில் இருக்க, லாரி மிகுந்த சாலைகளில் 100 மி.மீட்டரையும் தாண்டும். வழிப்போக்கர் கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் பகுதி முழுச் சாலையின் ஆழத்தில் மிகச் சிறு பங்கே.

தார் என்று தமிழில் வழங்கும் பொருள் இன்று நிலக்கரியிலிருந்து வருவதன்று. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் எஞ்சும் பிட்டுமென். கலவை ஆலையில் 150 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் ஜல்லியோடு சேர்க்கப்பட்டு, தார்ப்பாய் மூடிய டிப்பரில் வந்து, மேற்பரப்பு 90 பாகைக்குக் கீழே ஆறுவதற்குள் அது உருட்டி முடிக்கப்பட வேண்டும். ஆறிய கலவையை எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது என்பதால், டிப்பர் நெரிசலில் நின்ற அரைமணி நேரம்கூடச் சாலையின் ஆயுளில் சில ஆண்டுகளைக் குறைத்துவிடக்கூடும். நன்கு இறுகிய கலவையில் காற்றிடம் 5 விழுக்காட்டையொட்டி இருக்கும். அது 8 விழுக்காட்டைக் கடந்தால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து நீருக்கு வழிவிடத் தொடங்கும். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகிய கனிமங்கள் செறிந்த கற்களின் முகம் தாரைவிட நீரையே மிகுதியாக நாடும் இயல்புடையது. எனவே உட்புகுந்த நீர் மெல்ல மெல்லக் கல்லுக்கும் தாருக்கும் இடையே நுழைந்து தார்ப்படலத்தை உரித்துவிடுகிறது. அதற்கு மேல் சக்கரம் ஏறும்போது, சிக்கிய நீர் அழுத்தப்பட்டுப் பீறிடுகிறது; சக்கரம் அகலும்போது உறிஞ்சப்படுகிறது. ஒவ்வொரு லாரியும் இவ்வாறு ஒரு பம்பின் வேலையைச் செய்து அடியிலுள்ள நுண்மண்ணை வெடிப்பின் வழியே மேலே கொண்டுவருகிறது. மழைக்குப் பிறகு தார்ச்சாலையின் வெடிப்போரம் செந்நிறக் கறை படிந்திருந்தால், அடியில் வெற்றிடம் உருவாகிவிட்டது என்று பொருள். சில வாரங்களில் அவ்விடம் குழியாகும்.

ஆகவே மேற்பரப்பில் விழும் நீரை ஒரு நொடியும் நிற்கவிடாமல் ஓரத்துக்கு அனுப்புவதே வடிவமைப்பின் முதல் வேலை. சாலையின் நடுமுதுகை உயர்த்தி இருபுறமும் 2 முதல் 2.5 விழுக்காடு சரிவு கொடுக்கப்படுகிறது. 7 மீட்டர் அகலச் சாலையில் இதன்படி நடுப்பகுதி ஓரத்தைவிட ஏறத்தாழ 7 முதல் 9 செ.மீ. உயர்ந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ள திருப்பூரில் ஆண்டு மழை சென்னையின் பாதியளவே என்பதால் வடிகால் இங்கே இரண்டாம்பட்சம் என்று தோன்றலாம். ஆனால் வடிகாலின் அளவைத் தீர்மானிப்பது ஆண்டு மழையன்று, ஒரு மணி நேர மழை. ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால், 100 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள சாலைத் துண்டின் மேல் மட்டும் 35,000 லிட்டர் நீர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்று வந்து ஒரு தெருவில் கவிழ்த்தது போன்றது இது. சாலைக்கு இருபுறமும் உள்ள கம்பெனிகளின் தகரக் கூரைகளும் சிமெண்ட் முற்றங்களும் தம் பங்கை இதனோடு சேர்க்கின்றன. முன்பு தோட்டமாக இருந்தபோது மழையின் பெரும்பகுதியை உறிஞ்சிய நிலம் இன்று அதை அப்படியே தெருவுக்குத் தள்ளுகிறது, தெருவோ பழைய இட்டேரியாகையால் தாழ்வாகவே இருக்கிறது.

இத்தகைய புறநகர்களில் வடிகால் கட்டப்படும் முறையிலேயே ஒரு கேடு ஒளிந்திருக்கிறது. சாலையின் இருபுறமும் கான்கிரீட் சாக்கடை எழுப்பும்போது அதன் சுவர் சாலையின் மட்டத்துக்கு மேலே உயர்ந்துவிட்டாலோ, சுவரில் கசிவுத் துளைகள் விடப்படாவிட்டாலோ, சாலை ஒரு தொட்டிக்குள் அகப்பட்டதாகிவிடுகிறது. மேற்பரப்பு நீர் சாக்கடைக்குள் இறங்க வழியில்லை. துணை அடுக்கிலுள்ள நீரும் வெளியேற வழியில்லை. பார்ப்பதற்குச் சாலையும் இருக்கிறது, சாக்கடையும் இருக்கிறது, ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு உதவுவதில்லை. மழைநீருக்கென்று கட்டிய கால்வாயில் வீடுகளின் கழிவுநீரும் விடப்படும்போது, மழையில்லாத மாதங்களிலும் அதன் அடியில் ஈரம் தங்கி, சாலையோர மண் ஆண்டு முழுவதும் ஊறிய நிலையிலேயே இருக்கிறது; 4 நாள் ஊறலுக்குக் கணக்கிட்ட சாலை 365 நாள் ஊறலைச் சந்திக்கிறது. பனியன் தொழிலில் கட்டிங் வேஸ்ட் எனப்படும் துணிவெட்டுக் கழிவு சாக்கடைக்குள் விழுந்தால் அது மக்கும் குப்பைபோல் நகர்ந்து போவதில்லை. நூலிழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சிறுபாலத்தின் வாயில் திரைபோல் படிந்து, மண்ணையும் பாலிதீன் பைகளையும் பிடித்துவைக்கின்றன. சாலையின் குறுக்கே நீர் கடக்கும் அச்சிறுபாலமே பழைய பள்ளத்தின் எஞ்சிய வாய். அது அடைபட்டால் நீருக்குச் சாலையின் மேல் ஏறிக் கடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மட்டம் உயர்வது இன்னொரு நெடுங்காலச் சிக்கல். பழைய தாரின் மேலேயே புதுத்தாரை அடுக்கிக்கொண்டே போனால், சில ஆண்டுகளில் சாலை வீட்டுவாசற்படிக்கு மேலே ஏறி, மழைநீர் வீட்டுக்குள் இறங்குகிறது. வீட்டுக்காரர் வாசலை மேடாக்க, நீர் மீண்டும் சாலைக்கே திரும்புகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதிதாகப் போடும் முறைக்கு மில்லிங் என்று பெயர். தமிழக அரசின் தலைமைச் செயலராக இருந்த வெ. இறையன்பு 2021 மே மாதத்தில், சாலைகளைச் சுரண்டாமல் புதிய அடுக்குப் போடக்கூடாது என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். பெருஞ்சாலைகளில் மில்லிங் எந்திரம் எளிதாக ஓடும். 5 மீட்டர் அகலமும் இல்லாத, இரும்பு மூடிகளும் குடிநீர்க் குழாய் வால்வுகளும் நிறைந்த தெருக்களில்தான் அது கடினமாகிறது, ஆனால் மட்டம் உயர்வதன் துன்பம் மிகுதியாக இருப்பதும் அங்கேதான்.

குழாய் பதிக்கத் தோண்டுவது புதிய சாலையின் ஆயுளைப் பாதியில் முடித்துவிடும் செயல். குடிநீர்த் திட்டமும் பாதாளச் சாக்கடைத் திட்டமும் வளரும் நகருக்கு இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. குறை தோண்டுவதிலன்று, மூடுவதில் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் ஆழக் குழியில் எடுத்த மண்ணை ஒரே மூச்சில் தள்ளி, மேலே மட்டும் ஒருமுறை ரோலர் ஓட்டினால், ஆழத்திலுள்ள மண் இறுகாமல் பொலபொலவென்றே இருக்கும். முதல் பெருமழையில் அது நீரைக் குடித்து அமரும்போது, சாலையின் நெடுகிலும் ஒரு நீண்ட வாய்க்கால் குழிகிறது. தோண்டிய பாதை எதுவென்று யாரிடமும் கேட்க வேண்டியிராது. 20 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் பதமான ஈரத்தில் இடித்து மேலேறுவதே சரியான முறை. ஒரு நாள் வேலை இதனால் மூன்று நாளாகும் என்பது உண்மை. அந்த இரண்டு நாளைச் சேமித்ததற்கு விலையாகத் தெரு ஓராண்டு பாழாகிறது.

நீர் மண்ணைத் தளர்த்துகிறது என்றால், சாலையை உடைப்பது எடை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊரருகே 1958 முதல் 1960 வரை லாரிகளை இடைவிடாது ஓட்டி நடத்திய பெருஞ்சோதனை, ஓர் அச்சின் எடை கூடும்போது சாலைக்கு நேரும் தேய்வு அதன் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று காட்டியது. எடை இருமடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. இந்தியாவில் வடிவமைப்புக்குக் கொள்ளப்படும் அளவு அச்சு 8.16 டன், 2018இல் நான்கு டயர் பூட்டிய ஓர் அச்சுக்குச் சட்டம் அனுமதிக்கும் எடை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எடையில் எட்டில் ஒரு பங்கு உயர்வு எனத் தோன்றும் இம்மாற்றம், நான்காம் அடுக்கு விதிப்படி சாலையின் தேய்வை 60 விழுக்காடு கூட்டுகிறது. அரை டன் அச்சுள்ள சிறு கார்கள் ஏறத்தாழ 35,000 கடந்தால் நேரும் தேய்வு, ஓர் அளவு அச்சு ஒருமுறை கடந்தாலே நேர்ந்துவிடும். இருசக்கர வாகனங்களைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை. பனியனும் நூலும் பருமனுக்கு எடை குறைந்த சரக்குகள். திருப்பூர்ப் புறநகரின் உள்தெருக்களுக்கு உண்மையான பாரம் தண்ணீர் லாரி: 12,000 லிட்டர் என்றால் 12 டன், வண்டியின் எடை தனி. ஊர்ச்சாலையாக வடிவமைத்த தெருவில் அது நாள்தோறும் ஏறி இறங்குகிறது, வழியெங்கும் சிந்தும் நீரால் அத்தெருவின் ஓரத்தை நனைத்துக்கொண்டே.

தாரைக் காக்கத் தமிழகம் கண்ட வழிகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், துண்டுகளாக்கிய பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய படலமாகப் படியும் என்பதையும், அப்படலம் தாரை இறுகப் பற்றி, நீர் கல்முகத்தை எட்டாமல் தடுக்கும் என்பதையும் கண்டறிந்தார். 2002இல் கல்லூரி வளாகத்தில் சோதனைச் சாலை போடப்பட்டது, 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கல் நீரை நாடுகிறது என்னும் அடிப்படைக் குறையையே இம்முறை நேராகத் தொடுவதால் இதன் பயன் உண்மையானது. பின்னலாடை பேக்கிங்கில் மிகுதியாகப் புழங்கும் பாலிதீன் உறைகள் இதற்கு ஏற்ற வகைப் பிளாஸ்டிக், பி.வி.சி. மட்டும் சூட்டில் நச்சு வாயு விடும் என்பதால் சேர்க்கலாகாது. எனினும் அடிமண் ஊறிக்கிடக்கும் சாலையை எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

குழி விழுந்தபின் அதை மூடுவதற்கும் முறை உண்டு. குழியின் தளர்ந்த ஓரங்களை நேர்க்கோட்டில் செங்குத்தாக வெட்டி, உறுதியான அடுக்கு வரும்வரை தோண்டி, தூசும் ஈரமும் நீக்கி, பக்கங்களில் தார்க்குழம்பு பூசி, பின்பே கலவையை இட்டு இறுக்க வேண்டும். ஈரக்குழியில் கிராவலையோ கட்டட இடிபாட்டையோ கொட்டுவது, நீரை இன்னும் சில நாள் உள்ளே தேக்கிவைக்க மட்டுமே உதவும். ஆனால் பராமரிப்பின் உயிர்நாடி குழி மூடுவதில் இல்லை. குழி விழாமல் சாலையோரத்தைச் செதுக்குவதிலும் நீர்வழியைத் திறந்துவைப்பதிலும் இருக்கிறது. சாலையோரத்தில் புல்லும் மண்ணும் சேர்ந்து விளிம்பு ஓர் அங்குலம் உயர்ந்தாலே நீர் தாரின் மேல் தேங்கத் தொடங்கிவிடும். அதைச் செதுக்க மண்வெட்டி போதும். இதற்கெனத் தமிழக நெடுஞ்சாலைத் துறை 1997இல் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்களை அமர்த்தியது. 2002இல் அவர்கள் ஒட்டுமொத்தமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2006இல் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். பின்னாளில், ஒரு கோட்டத்தின் சாலைகளை 5 ஆண்டுக்கு ஒரே ஒப்பந்ததாரரிடம் விட்டு, செய்த வேலையின் அளவுக்கன்றிச் சாலை இருக்கும் நிலைக்கே பணம் கொடுக்கும் முறையை, முதலில் பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, அத்துறை கொண்டுவந்தது. இவ்விரண்டாம் முறையின் வலிமை, குழி விழுந்தால் நட்டம் ஒப்பந்ததாரருக்கே என்பதில் இருக்கிறது. முதல் முறையின் வலிமையோ வேறு வகையானது. தன் பொறுப்பிலுள்ள சில கிலோமீட்டரில் எந்தத் திருப்பத்தில் நீர் தேங்கும், எந்தச் சிறுபாலம் முதலில் அடையும் என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்து அறிந்த ஒரு மனிதர் அங்கே இருந்தார். அந்த அறிவை எந்த ஒப்பந்தத்திலும் எழுதிக் கொடுக்க இயலாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், திருப்பூர் வட்டாரத்தில் நீர்வழியைத் திறக்கும் வேலைக்குரிய காலம் புரட்டாசி. சிறுபாலத்தின் இரு வாய்களையும் திறந்து, உள்ளே படிந்த மண்ணையும் துணிக்கழிவையும் எடுத்து, கசிவுத் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, பள்ளத்தின் கீழ்ப்பகுதியில் நீர் போகும் தடத்தையும் நூறு மீட்டராவது சீர்செய்ய வேண்டும். எடுத்த வண்டலைச் சாக்கடையோரத்திலேயே குவித்துவிட்டுப் போவது பல ஊர்களில் காணும் வழக்கம். காய்ந்தபின் அள்ளலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அதை அன்றே வண்டியேற்றி அகற்றாவிட்டால், முதல் மழை அதை முழுவதுமாக மீண்டும் அதே சாக்கடைக்குள் கொண்டுசேர்த்துவிடும்.